விலாக்கறியும் பின்வாசலும்

மாட்டு விலாவைப் புகையில் வேகவைக்கிற சங்கதி பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் தோழர் ஒருவர் சிரித்துவிட்டார். "அதுல என்னய்யா வரலாறு? அமெரிக்காக்காரன் ஞாயித்துக்கிழமை பொழுதுபோகாம தோட்டத்துல போட்டுச் சுடுறான். அவ்வளவுதானே" என்றார். நம் வீட்டுச் சட்டியைப் பற்றியும் இப்படித்தான் சொன்னார்கள். 'அதுல என்ன இருக்கு' என்று எட்டி உதைக்கப்பட்ட இடங்களிலிருந்துதான் நாம் நம்முடைய வரலாற்றைத் தோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் புகைக்குள்ளும் ஒரு கூட்டத்தின் வரலாறு கிடக்கிறது. அடிமைகளின் வரலாறு அது. இரவெல்லாம் கண்விழித்துச் சமைத்தவர்கள், சமைத்த இடத்தில் உட்கார்ந்து தின்ன முடியாமல் பின்வாசலில் நிறுத்தப்பட்ட வரலாறு.

முதலில் சமையலைச் சொல்லிவிடுகிறேன். சமையல் தெரியாமல் இந்த வரலாறு விளங்காது.

மாட்டின் விலாவில் ஆறாவது, ஏழாவது, எட்டாவது எலும்புகள் சேர்ந்த துண்டைத்தான் டெக்சாஸ்காரர்கள் விசேஷமாகச் சொல்வார்கள். எலும்பின்மேல் கறி கெட்டியாக ஏறியிருக்கும். கறிக்கு நடுவில் கொழுப்பும் சவ்வும் மாறிமாறி ஓடும். மாடு நடக்க, மூச்சுவிட, படுத்து எழ ஓயாமல் உழைக்கிற இடம் அது. உழைக்கிற இடத்துக் கறி முரடாகத்தான் இருக்கும். அவசரத்தில் வேகவைத்தால் செருப்புத்தோல் மாதிரி கிடக்கும். இதற்கு உப்பும் மிளகுத்தூளும் தவிர வேறெதுவும் வேண்டாம். நெருப்பை ஒரு பக்கம் ஒதுக்கி, கறியை மறுபக்கம் வைத்து, மூடிபோட்டு, 120 முதல் 135 டிகிரி செல்சியஸ் சூட்டில் எட்டு மணிநேரம், பத்து மணிநேரம் விட வேண்டும். பாதியில் கறியின் சூடு 70 டிகிரி பக்கத்தில் வந்து நின்றுவிடும். மணிக்கணக்கில் ஏறவே ஏறாது. கறியிலுள்ள ஈரம் ஆவியாகி, வியர்வை உடம்பைக் குளிர்விப்பது மாதிரி கறியைக் குளிர்விப்பதால் வருகிற நிறுத்தம் அது. புதிதாகச் செய்கிறவன் அங்கேதான் பதறிப்போய் நெருப்பைக் கூட்டிக் கெடுத்துவிடுவான். தெரிந்தவன் காத்திருப்பான். உள்சூடு 95 டிகிரியைத் தொடும்போது சவ்வெல்லாம் உருகிக் கூழாகி, எலும்பு கையோடு வரும்.

ஆக, இது பொறுமையின் சமையல். இந்தப் பொறுமையை அமெரிக்க மண்ணில் யார் கற்றார்கள், யார் கற்க வைக்கப்பட்டார்கள் என்பதுதான் கேள்வி.

*

'பார்பக்யூ' என்ற சொல்லே வெள்ளைக்காரனுடையது அல்ல. கரீபியத் தீவுகளின் பூர்வகுடிகள் குச்சிகளை நட்டு, மேலே சட்டம் கட்டி, கீழே நெருப்பிட்டு மீனையும் கறியையும் வாட்டினார்கள். அந்தச் சட்டத்தின் பெயரைத்தான் 16ஆம் நூற்றாண்டில் வந்திறங்கிய ஸ்பானியர்கள் 'பார்பகோவா' என்று எழுதிவைத்தார்கள். சொல்லைக் கொடுத்த மக்கள் கொன்றழிக்கப்பட்டார்கள். சொல் மட்டும் தப்பித்தது.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இந்தச் சமையல் மண்ணுக்குள் இறங்கியது. நீளமாகக் குழி வெட்டுவது, ஹிக்கரி, ஓக் மரங்களைப் பிளந்து எரித்துக் கங்காக்குவது, கங்கை வாரிக் குழியில் பரப்புவது, முழு மிருகத்தையும் குறுக்குக் கம்புகளில் கிடத்தி ராத்திரி முழுக்கத் திருப்பிப் போடுவது என்று அத்தனையும் அடிமைகளின் வேலை. தோட்ட முதலாளி வீட்டு விருந்துக்கும் அவர்கள்தான். தேர்தல் கூட்டத்துக்கும் அவர்கள்தான். சுதந்திர தினம் என்று ஜூலை 4ஆம் தேதியை ஆண்டைகள் கொண்டாடியபோதும் குழிப்பக்கம் நின்றது விலைக்கு வாங்கப்பட்ட மனிதன்தான். சுதந்திரத்துக்கு விருந்து சமைத்த அடிமை! இதைவிடக் கசப்பான காட்சி வேண்டுமா?

1936 முதல் 1938 வரை அமெரிக்க அரசாங்கம் ஆள் அனுப்பி, உயிரோடு மிச்சமிருந்த முன்னாள் அடிமைகள் 2,000 பேருக்கு மேற்பட்டவர்களின் வாய்மொழியைப் பதிவுசெய்தது. நாம் இன்று சாட்சியம் என்று எதைச் சொல்கிறோமோ அதுவேதான். அதில் சவுத் கரோலினாவின் வெஸ்லி ஜோன்ஸ் என்ற 97 வயதுக் கிழவர் 1937இல் தன்னுடைய சமையலைச் சொல்கிறார். வினிகர், மிளகு, சிவப்பு மிளகாய், உப்பு, வெண்ணெய், கொத்தமல்லி, வெங்காயம், பூண்டு என்று ஒவ்வொன்றாக அடுக்குகிறார். நீண்ட குச்சியின் நுனியில் துணியைச் சுற்றி, அந்தச் சாற்றில் தோய்த்து, இரவெல்லாம் கறியின்மேல் தடவிக்கொண்டே இருப்பாராம். வழிந்த சாறு நெருப்பில் விழுந்து, புகையே மசாலாப் புகையாகிக் கறிக்குள் இறங்குமாம். எழுதப் படிக்க விடாமல் அடைக்கப்பட்ட ஒரு மனிதன், புகை எப்படி வேலை செய்கிறது என்பதை இத்தனை துல்லியமாகச் சொல்கிறான். அறிவு என்றால் ஏட்டில் இருப்பது என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

ஆண்டைகளின் விருந்துக்குழி இப்படி இருந்தது. அடிமைகள் தங்களுக்குள் கூடிச் சுட்டுத் தின்ற இடங்களும் இருந்தன. ஆண்டைகளுக்கு அந்த இடங்கள்மீது பயம் இருந்தது. பயத்துக்குக் காரணமும் இருந்தது. 1800இல் வர்ஜீனியாவில் கேப்ரியேல் என்ற அடிமைக் கொல்லன் கலகத்துக்கு ஆள் சேர்த்தது இப்படிப்பட்ட கூட்டு விருந்துகளில்தான். 1831 ஆகஸ்ட்டில் நாட் டர்னரின் தோழர்கள் காட்டுக்குள் ஒரு பன்றியைச் சமைத்துப் பகிர்ந்துகொண்டுதான் அன்றிரவு எழுந்தார்கள். ஒரே நெருப்பைச் சுற்றி உட்கார்கிறவர்களுக்குப் பேச்சு வரும். பேச்சு வந்தால் கேள்வி வரும். சேரி மக்கள் ஒன்றுகூடித் தின்பதைப் பார்த்து ஊர் ஏன் முகம் சுளிக்கிறது என்பதற்கும் இங்கே ஒரு பதில் இருக்கிறது.

*

பன்றிக்கறி நாடான அமெரிக்கத் தெற்கில் மாட்டுக்கறிப் புகை எங்கிருந்து எழுந்தது? டெக்சாஸிலிருந்து. அது மாட்டு நாடு. மெக்சிகோவை ஒட்டிய பகுதியில் மாடு மேய்த்த வாக்கேரோக்கள், பண்ணைக்காரன் கழித்துவிட்ட மாட்டுத் தலையைக் குழிக்குள் புதைத்து வேகவைத்துத் தின்றார்கள். சினிமாவில் வருகிற 'கௌபாய்' எல்லாம் வெள்ளையன். நிஜத்தில் மாடு ஓட்டியவர்களில் கணிசமானவர்கள் கறுப்பர்களும் மெக்சிகோக்காரர்களும். ஜெர்மனியிலிருந்தும் செக் நாட்டிலிருந்தும் குடியேறிய கசாப்புக் கடைக்காரர்கள் விற்காத கறியைப் புகைபோட்டு விற்றார்கள். பருத்தி எடுக்க வந்த கறுப்பு, மெக்சிகோக் கூலிகள் அதைக் காகிதத்தில் வாங்கி அங்கேயே நின்று தின்றார்கள். இன்றைக்கு டெக்சாஸின் பெருமை என்று தட்டில் வருகிற சாப்பாட்டில் கூலிக்காரர்களின் பசியும் கலந்திருக்கிறது.

அதே டெக்சாஸில்தான் 1865 ஜூன் 19 வந்தது. லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரியிலேயே வந்துவிட்டது. ஆனால் கால்வெஸ்டன் நகரில் ராணுவம் வந்து அறிவிக்கும்வரை, அங்கிருந்த சுமார் 2,50,000 பேரை இரண்டரை வருடம் அடிமையாகவே வைத்திருந்தார்கள். அடுத்த வருடத்திலிருந்து மக்கள் அந்த நாளைக் கொண்டாடத் தொடங்கினார்கள். கொண்டாட இடமில்லை. பொதுப்பூங்காக்களில் கறுப்பருக்கு அனுமதியில்லை. ஹூஸ்டனில் முன்னாள் அடிமைகள் தங்கள் கைக்காசைப் போட்டு, 1872இல் 10 ஏக்கர் நிலம் வாங்கி, 'விடுதலைப் பூங்கா' என்று பெயர் வைத்தார்கள். அங்கே குழி வெட்டினார்கள். கையும் குழியும் புகையும் பழையவைதான். ஆனால் முதன்முதலாக, சமைத்தவனே உட்கார்ந்து தின்றான். அந்த நாளை டெக்சாஸ் 1980இல்தான் மாநில விடுமுறையாக்கியது. அமெரிக்க தேசம் முழுவதும் விடுமுறையாக 2021 ஆக வேண்டியிருந்தது.

கன்சாஸ் நகரத்தில் ஹென்றி பெர்ரி என்ற கறுப்பர், 1908 வாக்கில் ஒரு சந்தில் கடை போட்டுப் புகைக்கறி விற்றார். செய்தித்தாளில் மடித்துக் கொடுப்பாராம். பெரிய இறைச்சிக் கூடங்கள் இருந்த நகரம் அது. அங்கே பெருமுதலாளி கண்டுகொள்ளாத துண்டுகளை வாங்கி, புகையால் ருசியாக்கினார்கள். பெர்ரியின் வழியில் வந்த ஆர்தர் பிரையன்ட் கடையில், கறியின் கருகிய ஓரங்களை வெட்டி இலவசமாக எடுத்துக்கொள்ள வைத்திருப்பார்கள். 1972இல் ஒரு வெள்ளை எழுத்தாளர் அந்தக் கருகல் துண்டுகளைப் புகழ்ந்து பத்திரிகையில் எழுதினார். அதற்குப் பிறகு அது விலைபோட்டு விற்கிற அயிட்டம் ஆனது. கழிவு என்று தள்ளியது, ருசி தெரிந்ததும் கைமாறுகிறது. விலாவுக்கும் இதே கதைதான். மலிவுத் துண்டாகக் கிடந்தது, இன்றைக்குக் கூலிக்காரன் நினைத்துப் பார்க்க முடியாத விலைக்குப் போய்விட்டது. நம்மூரில் குடல்கறியும் ரத்தப் பொரியலும் நட்சத்திர ஓட்டல் பட்டியலில் ஏறுவதைப் பார்க்கிறவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பண்டம் மேலே ஏறும். ஆள் ஏற மாட்டான்.

*

இனி பின்வாசலுக்கு வருவோம்.

அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் 'ஓலீஸ் பார்பக்யூ' என்று ஒரு ஓட்டல். 220 பேர் உட்காரலாம். 36 வேலையாட்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பர். ஆனால் கறுப்பர் யாரும் உள்ளே உட்கார்ந்து தின்ன முடியாது. பொட்டலம் வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும். 1927இல் ஓட்டல் திறந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். 1927 என்ற வருடத்தைக் கவனியுங்கள். அதே வருடம் மார்ச் 20ஆம் தேதி மகாடில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்துபோய்ச் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். ஒரே வருடத்தில், பூமியின் ஒரு பக்கம் ஒரு கதவு சாத்தப்பட்டது, இன்னொரு பக்கம் ஒரு குளம் திறக்கப்பட்டது.

1964 ஜூலை 2ஆம் தேதி குடியுரிமைச் சட்டம் வந்தது. ஓட்டல்களில் நிறம் பார்க்கக்கூடாது என்றது. ஓலீஸ் முதலாளி வழக்குப் போட்டார். என் கடை, என் இஷ்டம், கறுப்பரை உட்கார வைத்தால் என் வியாபாரம் படுத்துவிடும் என்பது வாதம். உச்ச நீதிமன்றம் அதே வருடம் டிசம்பர் 14ஆம் தேதி ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நல்லது. ஆனால் எந்த நியாயத்தின்பேரில் என்று பாருங்கள். அதற்கு முந்தைய 12 மாதங்களில் அந்த ஓட்டல் வாங்கிய சுமார் 1,50,000 டாலர் சரக்கில், 69,683 டாலருக்கான கறி வேறு மாநிலத்திலிருந்து வந்தது. அதாவது 46 சதவீதம். மாநிலங்களுக்கிடையிலான வர்த்தகத்தை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, ஆகவே சட்டம் செல்லும் என்றது நீதிமன்றம். கறி எல்லை தாண்டி வந்ததால் மனிதன் வாசல் தாண்ட முடிந்தது. பின்வாசலில் நின்றவனுடைய மானம் எத்தனை டாலர் என்று அந்தக் கணக்கில் எழுதவில்லை.

சவுத் கரோலினாவில் இன்னொரு பார்பக்யூ முதலாளி, கறுப்பரோடு சேர்த்து உட்கார வைப்பது கடவுளின் சித்தத்துக்கு விரோதம் என்றே வாதாடினார். 'பிகி பார்க்' வழக்கு என்பார்கள். 1968இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை அற்பமானது என்று ஒரு அடிக்குறிப்பில் ஒதுக்கித் தள்ளியது. சமைக்கிற கை கறுப்பு, அது தீட்டில்லை. உட்காருகிற உடம்பு கறுப்பு, அது தீட்டு. இந்தத் தர்க்கத்தை நாம் எங்கோ கேட்டமாதிரி இல்லையா? நட்ட நெல் தீட்டில்லை, அறுத்த கதிர் தீட்டில்லை. நட்டவள் அறுத்தவள் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தால் தீட்டு.

நம் சட்டம் அவர்களுடையதைவிட நேரடியானது. கறிக்கணக்கெல்லாம் பார்க்கவில்லை. அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு 1950இலேயே தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று சொல்லிவிட்டது. 1955இல் தண்டனைச் சட்டமும் வந்தது. ஆனால் 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்ததை மாவட்ட ஆட்சியரே நேரில் போய்ப் பார்த்து, வழக்குப் பதிவாக வேண்டியிருந்தது. சட்டத்தில் கதவு திறந்துதான் இருக்கிறது. பெஞ்சுதான் இன்னும் காலியாகவில்லை.

*

இந்த ஒப்பீட்டை நான் வலிந்து செய்யவில்லை. 1946இல் அம்பேத்கரே கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலைக்குமுள்ள ஒற்றுமையைச் சுட்டினார். 1972இல் பம்பாயில் எழுந்த தலித் சிறுத்தைகள், பெயரையே கருஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு விஷயத்தை மழுப்பாமல் பேச வேண்டும். மாட்டுக்கறியைப் பிடித்துத் தொங்குவதா விடுதலை என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். மகாடில் அம்பேத்கர் செத்த மாட்டைத் தின்பதை விடச் சொல்லவில்லையா என்கிறார்கள்.

சொன்னார். ஆண்டையின் செத்த மாட்டை இழுத்துப்போடு, அதுதான் உனக்குச் சோறு என்ற நிர்ப்பந்தத்தை உதறச் சொன்னார். அதே அம்பேத்கர் 1948இல் 'தீண்டப்படாதோர்' நூலில், மாட்டுக்கறிக்கும் தீண்டாமைக்குமான தொடர்பை வரலாறாக ஆராய்ந்து, ஒருகாலத்தில் பார்ப்பனரும் மாட்டுக்கறி தின்றவர்தான் என்று காட்டினார். கறுப்பர்களுக்குள்ளும் இதே சண்டை நடந்தது. எலிஜா முகம்மது 1967இல் புத்தகம் எழுதி, பன்றிக்கறி உள்ளிட்ட அடிமைக்காலத்துச் சாப்பாட்டை விட்டொழியுங்கள் என்றார். இன்னொரு பக்கம், எங்கள் பாட்டன் இரவெல்லாம் கண்விழித்துக் கண்டுபிடித்த ருசியை ஏன் விட வேண்டும் என்றார்கள். இரண்டு பேரும் ஒரே காயத்தைத்தான் தொடுகிறார்கள் என்று நினைக்கிறேன். திணிக்கப்பட்டால் மறுப்பதும், தடுக்கப்பட்டால் தின்பதும் ஒரே சுயமரியாதையின் இரண்டு கைகள். தட்டில் எது இருக்கிறது என்பதை நான் முடிவுசெய்ய வேண்டும். பிரச்சினை அவ்வளவுதான்.

எங்க ஆயா உப்புக்கண்டம் போடும். கறியை நீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் காயவைக்கும். மழைக்காலத்தில் அதே கயிறு அடுப்புக்கு மேலே ஏறிவிடும். விறகுப் புகையில் கறுத்து இறுகும். விலாவெலும்பை ஒட்டின கறிக்குத்தான் எங்களுக்குள் அடிதடி. 'கயித்த தெருப்பக்கம் கட்டாதீங்கடா' என்று ஆயா சொல்லிக்கொண்டே இருக்கும். ஏன் என்று சின்னப்பிள்ளையில் விளங்கவில்லை. தமிழ் எம்.ஏ. படிக்கப் போன இடத்தில் விளங்கியது. அகநானூற்று 309ஆம் பாட்டில், மழவர்கள் வேப்பமரத்தடித் தெய்வத்துக்குக் கொழுத்த ஆவை வெட்டி ஊன் தின்கிறார்கள். அந்த இடம் வந்ததும் வகுப்பில் ஒரு கனைப்பு, பக்கம் புரண்டது. தமிழன் தின்றது இலக்கியத்தில்கூடத் தெருப்பக்கம் தொங்கக்கூடாதாம்.

டவுனில் வாடகை வீட்டுக்கு வந்தபிறகு குக்கரில் மூடிவைத்து, ஜன்னலைச் சாத்திச் சமைக்கிறோம். வாசனை வெளியே போய்விடக்கூடாது. 2015இல் தாத்ரியில், மாட்டுக்கறி வைத்திருக்கிறான் என்ற வதந்திக்கே ஒரு மனிதரை வீட்டிலிருந்து இழுத்துவந்து அடித்துக் கொன்ற நாடு இது. 2016இல் உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்ததை ஊரே படம் பார்த்தது. 2022 மே மாதம் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்று எதிர்ப்பு எழுந்ததும், மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். இந்த நாட்டில் வீட்டு வாசலில் மாட்டு விலாவைப் பத்து மணிநேரம் புகைபோடுவது என்றால் என்ன அர்த்தம்? புகைக்கு ஜன்னலைச் சாத்தத் தெரியாது. தெருவெல்லாம் போய்ச் சொல்லிவிடும்.

அதனால்தான் செய்துபார்த்தோம். போன வருடம் ஏப்ரல் 14 அன்று, எங்க சேரித் தெருவில், பழைய தகர டிரம்மை நெடுக்குவாக்கில் அறுத்து, கம்பி போட்டு. டெக்சாஸில் புகைக்குப் பயன்படுகிற மெஸ்கிட் மரம், நம்ம சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இங்கே வந்தது, இப்போது ஏரிக்கரையெல்லாம் அதுதான். விறகுக்குப் பஞ்சமில்லை. 1958ஆம் வருடத்துத் தமிழ்நாடு சட்டப்படி 10 வயது தாண்டி, உழைப்புக்கும் ஈனுவதற்கும் உதவாத மாட்டைத்தான் அறுக்கலாம். 1976 அரசாணைப்படி பசுவை அறுக்கவே கூடாது. ஆக நம் கைக்கு வருவது உழைத்து ஓய்ந்த கிழட்டுக் காளையும் எருமையும். முரட்டுக் கறி. அதற்கு இந்தப் பொறுமையின் சமையல்தான் சரி. காலை ஆறு மணிக்குப் பற்றவைத்தோம். மத்தியானம் சூடு ஏறாமல் நின்றபோது பையன்கள் பதறினார்கள். 'விடுங்கடா, ஏறும்' என்றார் எண்பது வயதுத் தாத்தா ஒருவர். அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஊர்ப்பக்கம் நாலைந்து பேர் வந்து தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு விலா வெந்தது. பெஞ்சுகளை இழுத்துத் தெரு நடுவில் போட்டோம். சமைத்தவர்கள் முதலில் உட்கார்ந்தார்கள்.